‘காட்டுப்பன்றி குடும்பம்’ பொம்மை செட்: முகம் சரி, வால் தப்பு

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. பொம்மை நன்றாக இருக்கிறது, பெட்டி பொய் சொல்கிறது, பிடரி முடி கொட்டுகிறது. அவசரமாக வாங்கப் போகிறவர்களுக்கு இது போதும். நேரம் இருப்பவர்கள் மேலே படியுங்கள், ஏனென்றால் இந்த ரப்பர் பன்றியால் எங்கள் வீட்டில் ஒரு மாதமாக வேறு பேச்சே இல்லை.

மகள் இரண்டாம் வகுப்பு. பெண் பொம்மை, கிச்சன் செட் எதுவும் வேண்டாம், மிருகம்தான் வேண்டும். வேலூரில் மிருகப் பொம்மை என்று கேட்டால் என்ன கொடுப்பார்கள் என்று தெரியும்தானே: ஒரு பிளாஸ்டிக் பையில் 12 உருப்படி, சிங்கமும் யானையும் ஒரே உயரம், நிற்கவே நிற்காத ஒட்டகச்சிவிங்கி ஒன்று, எதற்கென்றே தெரியாத பச்சை வேலி இரண்டு. அந்தப் பை வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது. பிறந்த நாளுக்கு வேறு ஏதாவது பார்க்கலாம் என்று லாங்கு பஜார் பக்கம் ஒரு சந்தில் நுழைந்தபோது, மேல் தட்டில் தூசி படிந்து கிடந்தது இந்தப் பெட்டி. ஆண் ஒன்று, பெண் ஒன்று, குட்டி மூன்று, கூடவே ஒரு மரக்கட்டையும் விரல் நீள மரப்பட்டையும். பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘வைல்டு போர் ஃபேமிலி’. விலை 649 போட்டிருந்தது, கேட்டதும் 520க்குக் கொடுத்துவிட்டார். அவ்வளவு சுலபமாகக் குறைத்தபோதே ரொம்ப நாளாக யாரும் சீண்டவில்லை என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

திறந்ததும் ஒரு நாற்றம், புது டயர் கடைக்குள் நுழைந்த மாதிரி. மொட்டை மாடியில் இரண்டு நாள் வைத்தேன், நம்ம ஊர் வெயில் பாதியை உறிஞ்சிவிட்டது, மீதியும் ஒரு வாரத்தில் போய்விட்டது. வாயில் போடுகிற வயதில் குழந்தை இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

சரி, பன்றிக்கு வருவோம். ஆண் பன்றி என் உள்ளங்கை நீளம். கையில் எடுத்தவுடன் கண்ணில் படுவது தலைமுடிதான். நெற்றியில் தொடங்கி முதுகு வரை நைலான் முடி கொத்தாக நட்டிருக்கிறார்கள், ஒரு பக்கமாகச் சரிந்து ஒரு கண்ணை மறைக்கிறது. எண்பதுகளில் கச்சேரியில் கிட்டார் வாசிப்பவர்கள் வைத்திருந்தார்களே, அப்படி. மூக்குக்கு மேலே குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை, தாடை வரை இறங்குகிறது. முகத்தில் இரண்டு பக்கமும் மரு மாதிரிப் புடைப்புகள். வாய் ஓரத்தில் கோரைப்பல். பெயின்ட் வேலை நுணுக்கமாக இருக்கிறது, இந்த விலைக்கு நான் எதிர்பார்க்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூர் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போனோம். ஜவ்வாது மலை அடிவாரம், மூன்று ஏக்கர் கொல்லை, மல்லாட்டை (நிலக்கடலை) போட்டால் பாதி தனக்கு, பாதி பன்றிக்கு என்று கணக்கு வைத்திருக்கிற மனிதர். கொல்லையைச் சுற்றிப் பழைய புடவை கட்டிப் பார்த்துவிட்டார், சலூனிலிருந்து முடி வாங்கி வந்து ஓரமெல்லாம் தூவிப் பார்த்துவிட்டார், பரண் கட்டி ராத்திரியெல்லாம் தகரம் தட்டியும் பார்த்துவிட்டார். பன்றியைப் பற்றி அவரிடம் யாரும் புதிதாகச் சொல்லிவிட முடியாது. பேத்தி பொம்மையை நீட்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, பன்னின்னு எழுதிக்கீது, இது நம்ம பன்னியே இல்லியே.”

நம்ம பன்றிக்கு மூஞ்சி நீளம், முடி முதுகெலும்பு மேலே பிரஷ் மாதிரி விறைத்து நிற்கும், கண்ணில் வந்து விழாது, மரு கிடையாது, வெள்ளைக் கோடும் கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்புறம் பின்பக்கம் திருப்பி வாலைப் பார்த்து ஒரே சிரிப்பு. “வாலு சுருட்டிக்கினு கீது பாரு. இது வூட்டுப் பன்னி வாலு. காட்டுப் பன்னிக்கு வாலு நேரா தொங்கும், மெரண்டு ஓடும்போது குச்சி மாதிரி தூக்கிக்கும்.” சுருண்ட வால் வளர்ப்புப் பன்றியின் அடையாளம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காலையும் பார்த்தார். பன்றிக்குக் குளம்பு முன்னால் இரண்டு, அதற்கு மேலே பின்புறமாகச் சின்னதாக இரண்டு, ஆக ஒரு காலுக்கு நான்கு. பொம்மையில் இரண்டோடு முடித்துவிட்டார்கள்.

ராத்திரி செல்போனை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். பிடரி முடி, வெள்ளைப் பட்டை, மரு, இந்த மூன்றும் சேர்ந்து வருகிற பன்றி என்று தேடினால் பத்து நிமிடத்தில் ஆள் சிக்கிவிட்டது. விசயன் மருப்பன்றி. பிலிப்பைன்ஸ் நாட்டின் நடுவில் இருக்கிற விசயன் தீவுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. அழியும் நிலையில் இருக்கிற உயிர்களுக்குப் பட்டியல் போடுகிற ஐ.யு.சி.என். இதை மிக ஆபத்தான படியில் வைத்திருக்கிறது, அதற்கு அடுத்த படி காட்டிலிருந்தே போய்விட்டது என்பதுதான். அதாவது உலகத்திலேயே அரிதான பன்றிகளில் ஒன்றைச் செய்து, சாதாரணக் காட்டுப்பன்றி என்று பெயர் ஒட்டி, லாங்கு பஜாரில் தள்ளுபடியில் விற்றிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதுதான் வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது. மணிலா எங்கே இருக்கிறது? பிலிப்பைன்ஸில். கடலையின் சொந்த ஊர் தென் அமெரிக்கா என்றாலும் பெயர் மணிலா வழியாகத்தான் நம்மிடம் வந்திருக்கிறது. இதை மாமாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ கொட்டை அங்கேருந்து வந்துது, பன்னி மட்டும் இங்கேயே இருந்து துன்னுது” என்றார்.

இனி பொம்மையையும் அசலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நம்ம காட்டுப்பன்றி ஆண் 100 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். மருப்பன்றி சின்ன ஜாதி, ஆண் 35, 40 கிலோ, பெண் அதைவிடக் குறைவு. அந்தத் தலைமுடி வருடம் முழுக்க இருப்பதில்லை. இணை சேரும் பருவத்தில் ஆணுக்கு மட்டும் ஒரு சாண் நீளம் வரை வளர்ந்து முகத்தில் விழும், பருவம் முடிந்தால் உதிர்ந்துவிடும். எங்கள் வீட்டில் பொம்மையின் முடி இரண்டாவது குளியலிலேயே கொத்தாகக் கையோடு வந்தபோது மகள் அழுதாள், “சீசன் முடிஞ்சிடுச்சும்மா” என்று சமாதானம் சொன்னேன். அவள் நம்பினாள். எனக்குத்தான் 520 ரூபாய் உறுத்தியது. கடைக்கு எடுத்துக்கொண்டு போனால், குளிப்பாட்டிய பொம்மையை மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். பெட்டியில் குளிப்பாட்டக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன், குளிப்பாட்டலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். ஃபெவிக்விக் போட்டு நானே ஒட்டினேன், இப்போது இன்னும் விறைப்பாக நிற்கிறது, மாமா சொன்ன நம்மூர்ப் பன்றி மாதிரி.

மரு விஷயத்தில் கணக்கு தப்பு. அசலுக்கு மூன்று ஜோடி, பொம்மைக்கு இரண்டுதான். ஆண்கள் முட்டிக்கொள்ளும்போது எதிராளியின் கோரைப்பல் முகத்தைக் கிழிக்காமல் அது தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். பெண்ணுக்கு இப்படி எடுப்பாக இருக்காது, தொங்கும் முடியும் கிடையாது. ஆனால் இந்த செட்டில் பெண் பொம்மைக்கும் அதே மரு, அதே கோரைப்பல், முடியை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒரே அச்சில் வார்த்து, முடி நடாததைப் பெண் என்று சொல்லிவிட்டார்கள் போல. இது சோம்பேறித்தனம், இதற்காக அரை ஸ்டார் போச்சு.

குட்டிகள் நேர் எதிர். மூன்றும் அருமை. உடம்பில் நீள வாக்கில் வெளிர்க் கோடும் கருங்கோடும் மாற்றி மாற்றி. காட்டுப்பன்றிக் குட்டிகள் அப்படித்தான் பிறக்கும், புதருக்குள் படுத்துக் கிடந்தால் இலை நிழலோடு நிழலாகப் போய்விடும், வளர வளரக் கோடு மறைந்துவிடும். மூன்று என்ற எண்ணிக்கையும் சரி. வீட்டுப் பன்றி ஒரு ஈற்றில் பத்துப் பன்னிரண்டு போடும். மருப்பன்றி ஏறக்குறைய நான்கு மாதம் சுமந்து இரண்டிலிருந்து நான்கு வரைதான் போடும். தாய்க்குக் காம்பே மூன்று ஜோடிதான். பொம்மையைக் கவிழ்த்துப் பார்த்தேன், வயிறு வழுவழுவென்று இருக்கிறது, காம்பே இல்லை. போகட்டும், குழந்தைப் பொம்மையில் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். கூட்டமும் பெரிதாக இருக்காது, நான்கைந்து பேர் கொண்ட குடும்பமாகத் திரியும், அதனால் ஐந்து உருப்படி செட் என்பது தற்செயலாகவோ தெரிந்தோ சரியாக அமைந்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த மரப்பட்டைதான். முதலில் பார்த்தபோது பெட்டியில் இடம் நிரப்பப் போட்ட குப்பை என்று தூக்கி எறியப் போனேன். அப்புறம் படித்ததும் பதறிப்போய் எடுத்து வைத்தேன். பாரிஸில் இருக்கிற ஒரு பழைய மிருகக்காட்சி சாலையில் 2015இல் ஒரு ஆராய்ச்சியாளர் இந்த ஜாதிப் பன்றிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிரிசில்லா என்ற பெண் பன்றி குட்டி போடும் குழிக்கு இலை சேர்த்து, மூக்கால் தோண்டி, நடுவில் ஒரு மரப்பட்டையை வாயில் கவ்விக்கொண்டு, துடுப்புப் போடுகிற மாதிரி மண்ணைத் தள்ளித் தள்ளித் தோண்டியிருக்கிறது. அப்புறம் பட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பழையபடி மூக்கும் காலும். அதன் மகள்களும் செய்திருக்கின்றன. அப்பா பன்றியும் முயற்சி பண்ணியிருக்கிறது, ஆனால் சரியாக வரவில்லையாம் (எங்கள் வீட்டில் இதைப் படித்துக் காட்டியபோது மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதவில்லை). பன்றி ஒரு பொருளைக் கருவியாகப் பயன்படுத்தியதை யாரும் அதற்கு முன் பதிவு செய்ததில்லை. ஆய்வு 2019இல் வெளிவந்தது.

ஆக, இந்தப் பொம்மையை வடிவமைத்த யாரோ ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முகம் வரைந்தவருக்குத் தெரியும், பட்டையைச் சேர்த்தவருக்குத் தெரியும். வால் செய்தவருக்கும் பெட்டி அச்சடித்தவருக்கும் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆனால் பட்டையைக் கொடுத்தவர்கள் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா? பெண் பொம்மையின் வாய் கெட்டியாக மூடியிருக்கிறது, பட்டையைக் கவ்வ வழியே இல்லை. மகள் தலைமுடி ரப்பர் பேண்டால் மூக்கோடு சேர்த்துக் கட்டி விளையாடுகிறாள். மாடித் தொட்டியில் கீரை விதைத்திருந்த இடமெல்லாம் இப்போது குழி.

சேற்றுச் சோதனையும் நடந்தது. பன்றிக்கு உடம்பு குளிர்கிற அளவுக்கு வியர்க்காது, அதனால்தான் சேற்றில் புரளுகிறது என்று தெரிந்த அன்றைக்கே ஐந்தையும் சேற்றில் புரட்டி எடுத்துவிட்டாள். காய்ந்த சேற்றைத் தேய்த்துக் கழுவியதில் குட்டிகளின் கோடு அப்படியே இருக்கிறது, ஆணின் வெள்ளைப் பட்டை மட்டும் லேசாக மங்கியிருக்கிறது. பெண் பொம்மை நேராக நிற்காது, தலை கனத்து முன்பக்கம் குப்புற விழும். மண்ணைக் கிண்டுகிற மாதிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு என்ன என்று மகள் கேட்டாள். கிழங்கு, வேர், உதிர்ந்த பழம். காட்டுக்குள் கிடைக்கும்வரை அதுதான். ஆனால் அதன் காடு பெரும்பாலும் போய்விட்டது. முன்பு இருந்த இடத்தில் 95 சதவீதத்தில் இன்றைக்கு அது இல்லை. மிச்சம் இருப்பது முக்கியமாக நீக்ரோஸ், பனாய் என்ற இரண்டு தீவுகளில். நீக்ரோஸ் முழுக்கக் கரும்பு, அந்த நாட்டின் சர்க்கரைக் கிண்ணம் என்றே அதற்குப் பெயர். அம்முண்டி சர்க்கரை ஆலைக்கு ஒரு காலத்தில் கரும்பு வெட்டி அனுப்பிய மாமாவுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. “கரும்பு போட்டா பன்னி வரத்தான் செய்யும், எங்க போவும்” என்றார். அங்கேயும் அதே கதைதான், காடு போனதும் பயிருக்குள் இறங்கியது, இறங்கியதும் விவசாயிக்கு விரோதி ஆனது, கறிக்காக வேட்டையாடுபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இதில் எனக்கு ரொம்ப உறைத்தது பெயர்தான். இதன் அறிவியல் பெயர் சுஸ் செபிஃப்ரான்ஸ், 1888இல் வைத்தது, செபு தீவை வைத்து வந்த பெயர். இன்றைக்கு செபு காட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

மாமா ஒரு யோசனை சொன்னார். “நம்ம கொல்லையில இருந்து ஒரு லோடு புடிச்சினு போவ சொல்லேன், அங்க இல்லன்னா.” சிரித்துக்கொண்டே சொன்னாலும் பாதி நிஜம், போன பட்டத்தில் அவருக்கு அரை ஏக்கர் மல்லாட்டை ஒரே ராத்திரியில் ஏர் ஓட்டிய மாதிரி ஆகிவிட்டது. ஆனால் வேறு பன்றி போய்க் கலந்ததும் அதன் கஷ்டங்களில் ஒன்று. காட்டோரம் திரிகிற வளர்ப்புப் பன்றிகளோடு சேர்ந்து குட்டி போட்டுவிடுகிறது, இரண்டு மூன்று தலைமுறையில் அந்த முகமும் முடியும் போய் ஏதோ ஒன்றாக ஆகிவிடும். இதற்கு மேல் 2019இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிலிப்பைன்ஸுக்குள் நுழைந்தது. பண்ணைப் பன்றிக்கு வருகிற நோய் காட்டுப் பன்றியையும் விடாது. இப்போது அங்கே கூண்டில் வளர்த்துப் பெருக்குகிறார்கள், வெளிநாட்டு மிருகக்காட்சி சாலைகளிலும் சுத்தமான ஜாதியாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

“நம்ம நாட்டுல இந்த மாதிரி இல்லியாப்பா?” என்று மகள் கேட்டதற்கும் பதில் இருக்கிறது. அசாம் புல்வெளிகளில் குள்ளப்பன்றி. நின்றால் 25 செ.மீ. உயரம், நம்ம வீட்டுப் பூனை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்தார்கள், 1971இல் மறுபடி கிடைத்தது. அதன் உடம்பில் மட்டுமே வாழ்கிற ஒரு பேன் இருக்கிறது, பன்றி போனால் பேனும் போச்சு. பொம்மைக் கம்பெனிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அடுத்த செட்டுக்கு அதைச் செய்யுங்கள், அசல் அளவிலேயே செய்யலாம், அட்டைப் பெட்டிக்குள் அடங்கும். பேன் வேண்டாம்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். 649க்கு வாங்காதீர்கள், 500க்கு மேல் போகாதீர்கள். கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி ஆணின் பிடரி முடியை லேசாக இழுத்துப் பாருங்கள், மகளின் தோழிக்கு வாங்கிய இரண்டாவது பெட்டியில் முடி இறுக்கமாகவே இருந்தது. மரப்பட்டை உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள், கடைக்காரர் அதைக் குப்பை என்று நினைக்க வாய்ப்பு உண்டு. பெட்டிப் பெயரை நம்பாதீர்கள், குழந்தை கேட்டால் மருப்பன்றி என்று சொல்லுங்கள்.

வாலுக்கு மாமா வழி கண்டுபிடித்துவிட்டார். நல்ல வெந்நீரில் அரை நிமிடம் முக்கினால் ரப்பர் இளகும், நேராக நீவிப் பிடித்துக்கொண்டே பச்சைத் தண்ணீரில் விட்டால் அப்படியே நின்றுவிடும் (பெரியவர்கள் செய்யுங்கள், கை சுடும்). திண்ணையில் உட்கார்ந்து நான்கு வாலை நேராக்கிவிட்டார். ஐந்தாவதாக இருந்த ஒரு குட்டியை மட்டும் மகள் கொடுக்கவில்லை. அது வூட்டுப் பன்னியாம், அவளோடு காட்பாடியிலேயே இருக்குமாம்.